கிளினிக் கொப்பி அலுமாரியில், பிள்ளை டோஹாவில்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வருகிறவர் தனியொருவர் அல்ல. களுவாஞ்சிகுடிக்கும் கல்லாறுக்கும் இடைப்பட்ட கரையோர ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போய், அங்கே பழைய மனநோய் மறுபடி கிளம்பிய சிலருடைய கதைகளை ஒருவருடையதாகக் கோத்திருக்கிறேன். வயது, தொழில், உறவுமுறை எல்லாம் மாற்றப்பட்டவை. மருந்தின் தன்மை, சட்டம், தொலைபேசி எண் ஆகியவை மாற்றப்படவில்லை. நான் உளவளத்துணையாளர், மருத்துவர் அல்ல. மருந்து பற்றிய பகுதியை மனநல மருத்துவ உத்தியோகத்தர் ஒருவரோடு இருந்து பேசித்தான் எழுதினேன்.

ஐந்து வருடம் ஒரு குறையும் இல்லாமல் இருந்த பிள்ளைக்கு ஏழு மாதத்துக்குள் ஏன் இப்படி ஆனது என்பதுதான் கேள்வி. “வெளிநாட்டில பாக்கிறதுக்கு ஆக்கள் இல்ல” என்பது வீட்டார் சொன்ன காரணம். கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்ததில் எனக்குத் தெரிவது வேறு. பார்க்க ஆட்களும் இருந்தார்கள், வைத்தியசாலைக் கட்டிலும் இருந்தது, சட்டமும் இருந்தது. அவற்றை எட்டிப் பிடிக்கத் தேவையான ஒவ்வொரு நூலையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வீடும் ஊரும், வெளிநாட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற சப் ஏஜென்டும் சேர்ந்து அறுத்துவிட்டிருந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, பிள்ளையின் பயணம் கெட்டுவிடக் கூடாது என்ற எண்ணத்தில்.

முன்கதை

24 வயதில் முதல் தடவை. மேசன் வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தவர், வைகாசிச் சடங்குக் காலத்தில் ஒரு கிழமையாக நித்திரை கொள்ளவில்லை. ஓயாத பேச்சு. கோயில் திருப்பணிக் காசு முழுவதையும் தானே தருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார். பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பொத்துவில் வரை போய்விட்டார். ஊர் அதைத் தெய்வம் ஏறியது என்றது, மறுகா செய்வினை என்றது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பைபோலார் என்றார்கள், அதாவது மனம் அளவுமீறிப் பொங்கும் மிகையெழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் நோய். மனநிலையைச் சமப்படுத்தும் லித்தியமும், இரவில் ஒலன்சபின் என்ற குளிசையும் தொடங்கினார்கள். பிறகு களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக். மருந்து இலவசம், கொப்பி கையில், குறித்த காலத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனை. ஐந்து வருடத்தில் ஒரு தடவையும் தவறவில்லை. அம்மா அவரைக் கிளினிக்குக் கூட்டிவருவது ஊரில் யாருக்கும் புதினமாக இருக்கவில்லை.

நுண்கடன்தான் கதையைத் திருப்பியது. அக்காவின் வீட்டு வேலைக்கு எடுத்த கடன் கிழமைக் கட்டணமாக இறுகியபோது, கட்டாரில் கம்பி கட்டும் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சப் ஏஜென்ட் ஒருவர் வந்தார்.

கட்டாருக்குப் போகிறவர்களுக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையொப்பம் எல்லாம் 2018 இலிருந்து கொழும்பிலுள்ள கட்டார் விசா மையத்திலேயே நடக்கின்றன. இரத்தமும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். காசநோய், எச்ஐவி, கல்லீரல் அழற்சி என்று தேடுவார்கள். அந்தப் பரிசோதனைகளில் பைபோலார் அகப்படாது. ஆனால் வளைகுடா நாடுகளின் மருத்துவத் தகுதி விதிகளில் மனநோய் தகுதியின்மைப் பட்டியலில் இருக்கிறது. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா, எத்தனை வருடமாக என்று அந்தப் பட்டியல் பிரித்துப் பார்ப்பதில்லை. சப் ஏஜென்டுக்கு அது நன்றாகவே தெரியும். “கேட்டா ஒரு வருத்தமும் இல்ல எண்டு சொல்லு. குளிசைக் கதையே எடுக்காத” என்றிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து கிளைத்தது. கிளினிக்கில் பயணத்தைச் சொல்லவில்லை, ஆகவே வெயிலைப் பற்றி எச்சரிக்கவும் யாரும் இல்லை. கிளினிக் கொப்பியை அம்மா அலுமாரிக்குள் சேலைக்கு அடியில் வைத்துவிட்டார். இரண்டு மாதக் குளிசைகளை உறையிலிருந்து உடைத்து விற்றமின் போத்தலில் கொட்டிக் கொடுத்தார், சுங்கத்தில் பிடிப்பார்கள் என்ற பயத்தில். அப்படிக் கொட்டியதும் மருந்தின் பெயர், அளவு, காலாவதித் திகதி எல்லாம் போயின. டோஹாவில் எந்த மருத்துவர் பார்த்தாலும் அது வெறும் வெள்ளைக் குளிசை.

பயம் இடம் மாறி விழுந்திருக்கிறது என்பதுதான் இதில் எனக்கு மனக்கஷ்டம். கட்டார் சுங்கம் கண்டிப்பாகப் பார்ப்பது டயசிபாம், அல்பிரசோலம், குளோனசிபாம் போன்ற பதற்ற, நித்திரைக் குளிசைகளையும், டிரமடோல், பிரிகாபலின், கொடெய்ன் போன்ற வலி மருந்துகளையும். இவற்றைக் கடிதமில்லாமல் கொண்டுபோய் மாட்டுப்பட்டவர்கள் இருக்கிறார்கள். லித்தியமும் ஒலன்சபினும் அந்த வகை அல்ல. எந்த மருந்தாக இருந்தாலும் உடைக்காத உறையில், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு, கைப்பையில் கொண்டுபோவதுதான் முறை. உறையில்லாத குளிசைதான் சுங்கத்தில் சந்தேகத்தைக் கிளப்பும்.

வெயில், நித்திரை, லித்தியம்

மாசியில் போனவர் வைகாசி வரைக்கும் நன்றாகவே இருந்தார். சம்பளம் ஒழுங்காக வந்தது. கேம்பில் ஓட்டமாவடியைச் சேர்ந்த, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பக்கத்துக் கட்டில். தம்பி தம்பி என்று பார்த்துக்கொண்டார். குளிசை முடிந்ததும் ஊரிலிருந்து வந்த பொடியன் ஒருவனின் கையில் இன்னொரு போத்தல் போயிற்று.

லித்தியம் ஒரு உப்பு. உடம்பில் உள்ள தண்ணீரையும் சோடியத்தையும் பார்த்துத்தான் சிறுநீரகம் அதை வெளியே விடும். வியர்வையில் தண்ணீரும் உப்பும் போய்விட்டால், சிறுநீரகம் சோடியத்தை இழக்காமல் பிடித்து வைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். அதே குளிசை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் அளவு ஏறும். தொடர்ந்து எடுப்பவருக்கு லீற்றருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல், சிலருக்கு 1.0 வரை வைத்திருப்பார்கள். 1.5 ஐத் தாண்டினால் பெரும்பாலும் நஞ்சின் குணங்கள் தொடங்கிவிடும். அதனால்தான் மற்ற மனநோய் மருந்துகளுக்கு இல்லாத கண்டிப்போடு, கடைசிக் குளிசை போட்டு 12 மணித்தியாலம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். டோஹா போன பிறகு அவருக்கு அந்தப் பரிசோதனை ஒரு தடவையும் நடக்கவில்லை. தனக்கு நோய் இருக்கிறது என்று சொல்லாமல் அதை யாரிடம் கேட்பது?

கட்டாரில் ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை உண்டு. 2021 இல் வந்த அமைச்சுத் தீர்மானம் அது. வெப்பத்தையும் ஈரப்பதனையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32.1 பாகையைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்தவேண்டும். உயிரைக் காக்கும் விதி என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் வேலையின் அளவு குறைவதில்லை, நேரம்தான் நகர்கிறது. ஜூனிலிருந்து இவருக்கு இரவு 2.30க்கு எழும்பினால்தான் பஸ் பிடிக்கலாம், 4 மணிக்குக் கம்பியில் நிற்கவேண்டும். பகலில் திரும்பினால் எட்டுப் பேர் இருக்கிற அறை, ஒருவர் சமைக்கிறார், ஒருவர் இமோ அழைப்பில் சண்டை பிடிக்கிறார். நித்திரை துண்டு துண்டாகப் போனது.

பைபோலார் உள்ளவருக்கு நித்திரை குறைவது நோயின் அடையாளம் மட்டுமல்ல, நோயைக் கிளப்பிவிடும் காரணமும் அதுதான். வெயிலிலிருந்து காப்பாற்றிய கால அட்டவணையே நித்திரையைப் பறித்தது. இன்னொன்றும் நடந்தது. இரவுக் குளிசையான ஒலன்சபின் போட்டால் 2.30க்குக் கண் திறக்க முடியவில்லை. ஒருநாள் பஸ்ஸைத் தவறவிட்டதில் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. அன்றிலிருந்து வெள்ளி லீவு என்பதால் வியாழன் இரவில் மட்டும் அந்தக் குளிசையைப் போட்டிருக்கிறார். இதை அவர் மறைக்கவே இல்லை. கேட்டவுடன் சொன்னார். கேட்கத்தான் அதுவரை ஒருவரும் இருக்கவில்லை.

ஜூலையில் இடுப்பு வலி. அறையில் ஒருவர் கொடுத்த புரூஃபன், பிறகு கடையில் வாங்கிய டைக்ளோபினாக். இந்த வகை வலி மருந்துகள் லித்தியத்தை வெளியேற்றும் சிறுநீரகத்தின் வேகத்தைக் குறைக்கும். பனடோல் (பரசிட்டமோல்) போட்டிருந்தால் அந்தப் பிரச்சினை வந்திராது. கிளினிக்கில் லித்தியம் தொடங்குகிற ஒவ்வொருவருக்கும் சொல்லப்படுகிற விஷயம்தான் இது. ஐந்து வருடத்துக்கு முன் கேட்டதை, வலியில் நிற்கும் ஒருவர் ஞாபகம் வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதை எழுதி வைத்திருந்த கொப்பியோ சேலைக்கு அடியில்.

வெயில், நித்திரைக் குறைவு, வலிக் குளிசை மூன்றும் சேர்ந்த இரண்டு கிழமையில் கை நடுங்கத் தொடங்கியது. கம்பி கட்டும் குறடு கையில் நிற்கவில்லை. வயிற்றோட்டம், நடையில் தள்ளாட்டம், நாக்குக் குழறல். ஃபோர்மன் குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். கட்டாரில் அந்தக் குற்றச்சாட்டு சாதாரணமானதல்ல. ஓட்டமாவடிக்காரர் அக்காவுக்கு அனுப்பிய வொய்ஸ் இன்னும் இருக்கிறது: “தங்கச்சி, இவர் குடிக்கல்ல. நான் பக்கத்திலதான் படுக்கிறன், வாசம் ஒண்டும் இல்ல. ஆனா நடக்கக்குள்ள ஆடுறார்.” அந்த நேரம் இரத்தம் எடுக்கப்படவில்லை. குணங்களின் வரிசையை வைத்து, லித்தியம் நஞ்சேறியிருக்கிறது என்றே மருத்துவ உத்தியோகத்தர் கருதுகிறார்.

அறையில் யாரோ “அந்தப் போத்தலைத் தூக்கி எறி” என்றிருக்கிறார்கள். எறிந்தார். நஞ்சேறிய நேரத்தில் லித்தியத்தை நிறுத்தியது சரிதான், அப்படி ஒரு நிலையில் மருத்துவரும் முதலில் அதைத்தான் செய்வார். நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போகாததுதான் குறை. நடுக்கம் ஒரு கிழமையில் போனது. உடம்பு இலேசானது. தனக்கு நோயே இல்லை, குளிசைதான் நோய் என்று அவர் முடிவு செய்ததை நான் குறை சொல்லமாட்டேன், அவர் கண்ட சாட்சி அப்படி. ஆனால் லித்தியத்தைச் சடுதியாக விட்டவருக்கு மிகையெழுச்சி திரும்ப வரும் ஆபத்து அதிகம். விடவேண்டி வந்தால் குறைந்தது நான்கு கிழமை, முடிந்தால் மூன்று மாதம் எடுத்துக் குறைப்பார்கள், அல்லது வேறு மருந்தால் ஈடுகட்டுவார்கள். இவருக்கு இரண்டும் இல்லை. ஆறாவது கிழமையில் தொடங்கியது.

இங்கிருந்து அங்கே

அக்கா பாலர் பாடசாலை ஆசிரியை. ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்தார்.

“மிஸ், தம்பி ஒரு கிழமையா நித்திரை இல்லையாம். நேத்து ராவு ரெண்டரைக்கு எடுத்து, பாசிக்குடாவில ஹோட்டல் கட்டப்போறன், காணி பாரு எண்டு கத்துறான். சம்பளம் முழுக்க நேபாளப் பொடியனுகளுக்குக் குடுத்திட்டானாம்.”

இங்கே இரவு 2.30 என்றால் அங்கே நள்ளிரவு 12. பஸ்ஸுக்கு எழும்ப இன்னும் இரண்டரை மணித்தியாலம் இருக்கையில் அவர் ஹோட்டல் வரைபடம் கீறிக்கொண்டிருந்திருக்கிறார்.

முதலில் ஆபத்தைக் கேட்டோம். சாப்பிடுகிறாரா, கட்டடச் சாரத்தில் ஏறுகிறாரா, ஆரோடாவது அடிபட்டாரா, சாகவேண்டும் என்று பேசினாரா. கடைசிக் கேள்வியில் அக்கா நின்றார். “அப்பிடிக் கேட்டா நினைப்பு வந்திராதா மிஸ்?” வராது. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை, இருக்கிற எண்ணம் வெளியே வருவதற்கு வழிதான் கிடைக்கிறது. ஓட்டமாவடிக்காரர் மூலம் கேட்டோம். சாவு பற்றிப் பேச்சு இல்லை, ஆனால் வெள்ளி இரவு சனாயா என்கிற தொழிற்பேட்டைப் பகுதியின் பெரிய ரோட்டில் லொறிகளுக்கு நடுவே நடந்துபோனதாகச் சொன்னார். அது போதும்.

பிறகு கொப்பி. அக்கா வீட்டுக்குப் போய் அலுமாரியைக் கிண்டி எடுத்துவந்தார். மருத்துவ உத்தியோகத்தர் அதைப் பார்த்து ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினார்: நோயின் பெயர், முதல் அனுமதி நடந்த வருடம், மருந்துகளின் பொதுப் பெயரும் மில்லிகிராமும், கடைசியாக இரத்தத்தில் இருந்த அளவு, எது கொடுத்தால் சரிவந்தது, எது சரிவரவில்லை, நஞ்சேற்றம் என்று சந்தேகிப்பதற்கான காரணம், தொடர்புக்கு ஒரு இலக்கம். வியாபாரப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும், பொதுப் பெயர் மாறாது. வெளிநாட்டில் ஒருவருக்கு மனநோய் வந்தால் வீட்டார் செய்யக்கூடியவற்றில் அந்த ஒரு பக்கத்துக்கு ஈடான ஒன்றை நான் இதுவரை காணவில்லை. காசு அனுப்புவதைவிட, போனில் அழுவதைவிட, அது வேலை செய்யும்.

இனி எண்கள். இலங்கையில் மனநல உதவிக்கு 1926, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989. இப்படியான குறுகிய எண்கள் அந்தந்த நாட்டு வலைப்பின்னலுக்கு உரியவை. டோஹாவிலிருந்து 1926 ஐ அடித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, இங்கிருந்து அக்கா கட்டாரின் 16000 ஐ அடிப்பதிலும் பயனில்லை. எனவே வேலையைப் பிரித்தோம். 16000 என்பது கொவிட் காலத்தில், 2020 இல், கட்டார் தொடங்கிய மனநல உதவி எண். அதை ஓட்டமாவடிக்காரர் அங்கிருந்து எடுத்தார். அவருடைய ஆங்கிலம் கொஞ்சம்தான், ஆகவே சொல்லவேண்டிய மூன்று வசனங்களை நாங்கள் எழுதி அனுப்பினோம், அவர் வாசித்தார். கேம்பின் மருத்துவ நிலையத்தில் மலையாளத் தாதி ஒருவர் இருந்தது நல்ல காலம். தமிழைப் பாதி விளங்கினார், அந்த ஒரு பக்கத்தை முழுவதும் விளங்கினார்.

கம்பனிக்கு என்ன சொல்வது என்பதில் அறைக்காரர்கள் நடுங்கினார்கள். நாங்கள் சொன்னது இதுதான்: மருத்துவருக்கு எல்லாவற்றையும் சொல்லுங்கள், கம்பனிக்கு உடல்நலம் சரியில்லை, வைத்தியசாலைக்குப் போகிறார் என்பதோடு நிறுத்துங்கள். ஆனால் சொல்லாமல் மட்டும் விடாதீர்கள். காரணமின்றி வேலைக்கு வராதவரை ஓடிப்போனவர் என்று முறையிட்டுவிட்டால், நோயாளியைத் தேடுகிற இடத்தில் குற்றவாளியைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். வைத்தியசாலையின் ஒரு துண்டு அதைத் தடுக்கும். கட்டாரில் மனநோயாளரின் உரிமைகளுக்கென்றே 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. இரகசியம் காப்பதும், விருப்பமில்லாமல் அனுமதிப்பதற்கான நிபந்தனைகளும் அதில் வரும்.

அவர் சம்மதிக்கவில்லை. நோயின் உச்சத்தில் யார்தான் சம்மதிப்பார்கள்? “எனக்கு ஒண்டுமில்ல, உங்களுக்குத்தான் பொறாமை” என்று அக்காவின் இலக்கத்தை அடைத்துவிட்டார். இரண்டாம் நாள் இரவு மறுபடி ரோட்டுக்கு இறங்கியபோது ஓட்டமாவடிக்காரர் 999 ஐ எடுத்தார். அம்புலன்ஸ் வந்தது. ஹமாத் மருத்துவக் கூட்டுத்தாபனத்தின் அவசரப் பிரிவு, அங்கிருந்து மனநல வார்ட். நாங்கள் எழுதி அனுப்பிய அந்த ஒரு பக்கம் அவருடைய பத்தாக்காவோடு, அதாவது கட்டார் அடையாள அட்டையோடு, சேர்ந்து போனது. ஒலன்சபினை மறுபடி தொடங்கியிருக்கிறார்கள், சிறுநீரகத்தைப் பார்த்திருக்கிறார்கள், லித்தியத்தை அந்த வெயிலில் திரும்பத் தொடங்கவில்லை. ஏறத்தாழ மூன்று கிழமை வார்டில் இருந்தார்.

இதற்கிடையே ஊரில் அம்மா வேறு வழியால் போய்க்கொண்டிருந்தார். அம்மன் கோயிலில் வாக்குக் கேட்டார். “பிள்ளையை வீட்டுக்கு எடு” என்று வாக்கு வந்தது. அதுவரை “கடன் முடியுமட்டும் அங்கேயே நிக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டிருந்த மாமாமார் அதோடு வாயை மூடினார்கள். என் அறிக்கை எதுவும் அதைச் செய்திராது. கோயில் வாக்கும் கையில் கட்டுகிற நூலும் மருந்தை நிறுத்தச் சொல்லாத வரைக்கும் நான் அவற்றோடு சண்டைக்குப் போவதில்லை.

திரும்பி வருவதற்கான வேலை பிரதேச செயலகத்தில் தொடங்கியது. அங்கே இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அக்கா எழுத்தில் கொடுத்தார், அது பணியகத்துக்கும் டோஹா தூதரகத்தின் தொழிலாளர் நலன் பிரிவுக்கும் போனது. பணியகத்தில் பதிந்துவிட்டுப் போயிருந்ததால்தான் இது ஓடியது. விசிட் விசாவில் போனவராக இருந்திருந்தால் இந்தக் கதவு இவ்வளவு இலேசாகத் திறந்திராது. கட்டாரின் 2004 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டப்படி, மூன்று மாதம் வேலை செய்து முடித்தவர் சுகவீனமானால் முதல் இரண்டு கிழமை முழுச் சம்பளமும் அடுத்த நான்கு கிழமை அரைச் சம்பளமும் உண்டு. வீட்டில் ஒருவருக்கும் இது தெரியாது, அறைக்காரர்களுக்கும் தெரியாது. தூதரகம் கேட்ட பிறகு கம்பனி கொடுத்தது, டிக்கெட்டையும் போட்டது. வார்டிலிருந்து நேரே விமானத்துக்கு வருகிறவரை ஏற்றுவதற்கு விமான நிறுவனம் மருத்துவப் படிவம் கேட்கும், கூட ஒருவர் வரவேண்டும் என்றும் சொல்லலாம். லீவில் வரவிருந்த கேம்ப்காரர் ஒருவரின் நாளை மாற்றி அதைச் சமாளித்தார்கள்.

வந்த பிறகு

கட்டுநாயக்காவில் அக்காவும் அத்தானும் வானோடு நின்றார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் பிரதியொன்றை அங்கேயே போனில் படம் பிடித்தார்கள், பழைய பாடம். அடுத்த நாளே களுவாஞ்சிகுடிக் கிளினிக்.

மிகையெழுச்சிக்குப் பிறகு வரும் சோர்வைப் பற்றி வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைத்தது உதவியது. ஐப்பசியில் அது வந்தது. படுக்கையை விட்டு எழும்பமாட்டார், கடற்கரைப் பக்கம் போகமாட்டார். “ஏன் திரும்பி வந்தனீ” என்று கேட்கிற ஊர்வாய்க்குப் பயம். கலியாணப் பேச்சு ஒன்று நின்றுபோனது. கடன்காரர் கிழமைதோறும் வந்தார். இந்தப் பகுதியில் மருந்தைவிடப் பெரிய வேலை கடனைத் தவணை மாற்றுவதாகவே இருந்தது. பிரதேச செயலகத்துக்கு அக்கா நடந்த நடை பாதி அதற்குத்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் அவரோடு திரும்பத் திரும்பப் பேசினேன். சுகமாக இருக்கிற நேரத்தில், நோயின் உச்சத்தில் இருக்கப்போகிற தனக்காக ஒரு தாள் எழுதிவைப்பது. எது நடந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகலாம், யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது, காசை யார் பிடித்துவைப்பது. அவர் எழுதிய முதல் வரி: “மூண்டு ராவு நித்திரை இல்லாட்டி, நான் ஒண்டுமில்ல எண்டு சொன்னாலும் கொண்டுபோங்க.” மருத்துவர், அக்கா, ஓட்டமாவடிக்காரர் மூவரிடமும் அதன் பிரதி இருக்கிறது.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஓட்டமாவடிக்காரர் இருக்கமாட்டார், போன்கூடப் பல இடங்களில் கையில் இராது. கட்டாரில் 2017 இலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் கிழமையில் ஒருநாள் லீவும் பத்து மணித்தியால வரம்பும் சட்டத்தில் உண்டு, ஆனால் மூடிய கதவுக்கு உள்ளே அதைக் கேட்பது வேறு விஷயம். அவர்களுக்கு வீட்டாரின் வேலை இங்கிருந்தே தொடங்கவேண்டும்: கிழமைக்கு ஒரு குறித்த நேரத்தில் பேச்சு, இரண்டு கிழமை தவறினால் உடனே 1989.

லண்டன், ரொறன்ரோ, சூரிச் பக்கம் இருக்கிற எங்கள் ஆட்களுக்குத் தடை வேறு மாதிரி. அங்கே குளிசையை ஒளிக்கத் தேவையில்லை, மொழிதான் தடை. இங்கிலாந்தில் 111 ஐ எடுத்து இரண்டாவது தெரிவை அழுத்தினால் மனநல நெருக்கடிக்கான பிரிவு, கனடாவில் 2023 இலிருந்து 988, சுவிஸில் 143. இங்கிலாந்தின் அரச வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், காசு இல்லை. அவுஸ்திரேலியாவில் 131450 ஐ எடுத்தால் மொழிபெயர்ப்புச் சேவை. பதினொரு வயது மகளை மொழிபெயர்க்க வைத்து “அம்மாவுக்குச் சாகவேணும்போல இருக்காம்” என்று அவள் வாயால் சொல்ல வைக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கள் இளைஞருக்குத் திரும்ப ஆசை வந்திருக்கிறது. இம்முறை ருமேனியா என்கிறார்கள், சம்பளமும் பரவாயில்லை, வெயிலும் இல்லை. வளைகுடாவின் கோடையில் திறந்தவெளி வேலைக்கு லித்தியத்தோடு போவது எனக்கு ஒப்பில்லை, அதை நேராகவே சொல்லிவிட்டேன். ருமேனியாவைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்குக் காரணம் இல்லை. ஆனால் மெடிக்கல் படிவத்தில் கேட்டால் என்ன எழுதுவது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. பொய் எழுது என்று நான் சொல்லமுடியாது. உண்மை எழுதினால் விசா கைவிட்டுப் போகலாம் என்பதையும் மறைக்கமுடியாது. ஒளித்துப் போனதில் அவருடைய குடும்பம் இழந்த காசை அக்கா கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார், அது அவர் அனுப்பிய காசைவிடக் கூட. நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறது, இன்ன வேலைக்குத் தகுதி என்று மருத்துவரிடம் கடிதம் எடுத்து, அதைப் பார்த்துவிட்டும் எடுக்கிற கம்பனி கிடைத்தால் மட்டும் போவது என்பது இப்போதைய ஏற்பாடு. ஏஜென்சிக்காரர் சிரித்தாராம்.

அதுவரைக்கும் அத்தானோடு கல்முனையில் வீடு கட்டும் வேலை. லித்தியம் மறுபடி தொடங்கியாயிற்று, அளவு குறைவாக. சித்திரை வெயிலில் பதினொரு மணிக்குமேல் கூரையில் ஏறமாட்டார், தண்ணீர்ப் போத்தல் கூடவே இருக்கும், முழங்கால் வலித்தால் பனடோல் மட்டும். அடுத்த இரத்தப் பரிசோதனை ஆனி மாதம். ருமேனியாக் கதையை அந்த முடிவு வந்த பிறகு எடுப்போம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.